ஆஸ்பத்திரி இறக்கம்

எங்கள் ஊரில் டிராம் ஓட்டியவர்கள் முன்னும் பின்னுமாக ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஆனால் டிராம்காரர் என்று பேச்சு வந்தால் எல்லோரும் நினைப்பது நிதானத்தைத்தான். அது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காத மனிதர் என்று ஊர் வைத்த பட்டம். பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர்கள், வருவது யார் வண்டி என்று எட்டிப் பார்ப்பார்கள். நிதானம் என்றால் ஏறுவார்கள். புயல் என்றால் அடுத்த வண்டிக்கு நிற்பார்கள். புயல் என்பது இன்னொரு டிரைவர். வேகமும் வாயும் அதிகம்.

அந்த நிதானம் பத்தொன்பது வருடமாகப் பயந்து செத்துக்கொண்டிருந்தார் என்பது அவர் மனைவி ஒருத்தியைத் தவிர யாருக்கும் தெரியாது.

டிராம் வந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மலைமேல் சுரங்கம், அடியில் ஊர். முதலில் தண்டவாளம் போட்டது தாதுக்கல்லை இறக்குவதற்கு. காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப் போகும். நிரம்பிய வண்டிகள் தம் கனத்திலேயே இறங்கும். பின்னால் ஓர் ஆள் தொற்றி நின்று பிரேக் கட்டையை மிதித்துக்கொண்டே வருவான். பிறகு கல்லை இறக்கக் கம்பிவடத்தில் தொங்கும் வாளிகள் வந்துவிட்டன. கழுதைகளை விற்றார்கள். தண்டவாளத்தை விற்க மனமில்லாமல், அதன்மேல் மின்கம்பி இழுத்து, ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போக நாலு டிராம் வாங்கி விட்டது கம்பெனி. ஷிப்டு ஆட்களுக்குப் பின்னால் அவர்கள் பெண்டாட்டிமார் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறினார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறினார்கள், காய்கறிக் கூடைகள் ஏறின. ஆறே மாதத்தில் அது ஊர் டிராம் ஆகிவிட்டது.

மொத்தம் மூன்றரை கிலோமீட்டர். ஒற்றைத் தடம். நட்டநடுவில் ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் இரண்டு வண்டி ஒதுங்கிக்கொள்ள இடம் உண்டு. மேல்பாதிக்கு ஒரு சிவப்புக் கோல், கீழ்ப்பாதிக்கு ஒரு பச்சைக் கோல். அந்தந்தக் கோல் கையில் இல்லாமல் அந்தந்தப் பாதிக்குள் சக்கரத்தை விடக்கூடாது. மேலிருந்து வருகிறவர் சிவப்பைக் கொடுத்துப் பச்சையை வாங்கிக்கொண்டு இறங்குவார், கீழிருந்து வந்தவர் சிவப்போடு ஏறுவார். அவ்வளவுதான் சட்டம். அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் இரண்டு வண்டிகள் ஒரு நாளும் மோதியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியைத் தாண்டியதும் தடம் மடமடவென்று இறங்கும். பதினோரு மின்கம்பம் தூரத்துக்கு அந்த இறக்கம். அடியில் ஒரு ரொட்டிக்கடை. அதன் சுவரை உரசுகிற மாதிரி தடம் சட்டென்று வளையும்.

நிதானம் முதலில் ஷெட்டில் அச்சுக்கு எண்ணெய் போடும் ஆளாகத்தான் சேர்ந்தார். கல்யாணம் ஆன வருடமே டிரைவர் இடம் காலியானது. வேலையோடு ஷெட்டுக்குப் பின்னால் வரிசை வீட்டில் ஒரு வீடும் கிடைக்கும் என்றதும் யோசிக்காமல் ஒத்துக்கொண்டார். இரண்டு வருடம் சந்தோஷமாகவே ஓட்டினார். மணியைக் காலால் தட்டித் தாளம் போட்டதாகக்கூட அவரே சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் வருடம், மழை விட்ட ஒரு பிற்பகல். முப்பத்தெட்டுப் பேரோடு இறங்கிக்கொண்டிருந்தார். மரத்திலிருந்து உதிர்ந்த இலையெல்லாம் தண்டவாளத்தில் நசுங்கி வெண்ணெய் மாதிரிப் படிந்திருந்தது. ஐந்தாவது கம்பத்தில் பிரேக்கை இறுக்கினார். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. சுழலாத சக்கரத்தோடு அத்தனை கனமும் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. அந்த மாதிரி நேரத்தில் பிரேக்கை விட்டுவிட வேண்டும் என்பது பாடம். விட்டால்தான் சக்கரம் சுழலும். சுழன்றால்தான் தண்டவாளத்தில் மணல் போட்டு மறுபடி பிடிக்க முடியும். பாடம் தெரியும், கை வரவேண்டுமே. இறக்கத்தில் ஓடுகிற வண்டியின் பிரேக்கைத் தானாகத் தளர்த்துவது என்பது மலை உச்சியில் நின்று கைப்பிடியை விடுவது மாதிரி. எட்டாவது கம்பத்தில் விட்டார். வண்டி பாய்ந்தது. மணலைக் கொட்டும் மிதியை ஓங்கி மிதித்தார், பிரேக்கை மெல்லப் பிடித்தார். ரொட்டிக்கடைப் படிக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

உள்ளே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள். ரொட்டி வாசனைக்கு வண்டியே நின்றுவிட்டது என்று கண்டக்டர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நிதானமும் சிரித்தார்.

ஷெட்டுக்குப் போய் வண்டி நோட்டில், ஆஸ்பத்திரி இறக்கத்தில் ஈரத்தில் சக்கரம் வழுக்குகிறது, வண்டி கட்டுக்கு வருவதில்லை என்று எழுதினார். மறுநாள் அதற்குக் கீழே ஷெட்டு மேஸ்திரியின் கையெழுத்தில் பதில் இருந்தது: மணல் போடவும்.

அன்றிலிருந்து தினமும் எட்டு முறை இறங்குவார், எட்டு முறையும் கம்பங்களை எண்ணுவார். ஒன்று, இரண்டு என்று உதடு அசையாமல் பதினொன்றுவரை. வளைவு தாண்டினால்தான் மூச்சு வரும். மெதுவாக, மெதுவாக, மாட்டுவண்டி வேகத்தில் இறக்குவார். அதைப் பார்த்துத்தான் ஊர் அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்தது.

மனைவிக்கு இது தெரியவந்தது ஒரு வருடம் கழித்து. மழை பிடித்த காலைகளில் அவருக்குச் சோறு இறங்காது. வயிற்றுப்புண் என்று நினைத்து அந்த அம்மாள் அவரைக் கம்பெனி டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். பாட்டில் தீர்ந்தது, மழைக்காலம் தீரவில்லை. ஒருநாள் சந்தைக்குப் போக அவர் வண்டியிலேயே ஏறி முன்பலகையில் உட்கார்ந்தாள். குளிர்ந்த காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் முதுகில் சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரிடம் கேட்டாள்.

"இறங்குறப்ப என்னங்க எண்ணிக்கிட்டு வர்றீங்க?"

அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வேறு வேலை கேட்டுப் பார்க்கலாமே என்று அவள் சொல்லவில்லை. கேட்டால் சுரங்கத்துக்குள்ளேதான் இறக்குவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அப்பா முப்பது வருடம் உள்ளே கல் உடைத்து, கடைசி நாலு வருடம் உட்கார்ந்தபடியே தூங்கியவர். படுத்தால் மூச்சு நின்றுவிடும். அதைப் பார்த்து வளர்ந்தவள், புருஷனைத் தரைக்குக் கீழே அனுப்ப மாட்டேன் என்று சொல்லித்தான் கல்யாணத்துக்கே ஒத்துக்கொண்டாள். ஆகவே அவள் பயத்துக்காக அவர் தன் பயத்தைச் சுமந்தார். அது அவளுக்கும் தெரியும். மழை பெய்தால் அன்றைக்கு அவளும் சரியாகச் சாப்பிட மாட்டாள்.

இப்படியே இரண்டு பெண்களைப் பெற்று, வளர்த்து, மூத்தவளைக் கட்டியும் கொடுத்துவிட்டார்கள்.

இருபத்திரண்டாம் வருடம் கம்பெனி மலைக்கு அந்தப் பக்கம், தார்ச்சாலையை ஒட்டி, சுரங்கத்துக்குப் புது வாசல் திறந்தது. ஆட்களை இனி பஸ்ஸில் கொண்டுபோகலாம், டிராமை நிறுத்திவிடலாம் என்று மேலாளர் அறிவித்தார். ஊர் கொதித்துப் போனது. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை மனு எழுதினார். முடிதிருத்துகிறவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பாதிச் சவரத்தில் நிறுத்திக் கையெழுத்து வாங்கினார். கடைசியில் மேலாளர் ஒரு படி இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போடலாம், இருக்கிறதிலேயே அனுபவஸ்தர் நிதானம், அந்தத் தடத்தை நம்பி இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம் என்று அவர் வாயால் சொன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கிற கட்டைகளை மாற்றிப் போட்டு ஓட்டுகிறோம் என்றார்.

சனிக்கிழமை தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து, என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனபிறகு புருஷனும் பெண்டாட்டியும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிராம் நின்றால் அவரை எங்கே போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பட்டியல் பிறகு வரும் என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே இறக்கினாலும் இறக்கலாம்.

"நான் இதைப் படிச்சிட்டு வந்துடறேன். அஞ்சு வருஷம்தானே, ஓடிப்போயிடும்" என்றார் அவர்.

"இத்தனை நாள் எனக்காக ஓட்டினது போதும். நாளைக்கு உள்ளதைச் சொல்லிட்டு வாங்க."

"உள்ள இறக்கிட்டாங்கன்னா?"

"அதை அப்பப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

மறுநாள் மண்டபத்தில் நிற்க இடமில்லை. நிதானம் எழுந்தபோது கைதட்டினார்கள். இறக்கத்தில்கூட இவ்வளவு வேர்த்ததில்லை என்று அவர் பின்னால் சொன்னார்.

"தண்டவாளம் தாங்கும். பிரேக்கும் பரவாயில்ல. ஆனா மழை பெஞ்சா அந்த இறக்கத்துல வண்டி நம்ம பேச்சைக் கேக்காது. பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி முப்பத்தெட்டுப் பேரோட வழுக்கிக்கிட்டுப் போயிருக்கேன். நின்னது பாதி என் கை, பாதி அதிர்ஷ்டம். அன்னைலேர்ந்து ஒவ்வொரு தடவை இறங்குறப்பவும் எனக்குப் பயம். நேத்து சாயங்காலம் இறங்குனப்பவும் பயம்தான். நல்லா இருக்குன்னு என்னால சொல்ல முடியாது."

பின்வரிசையிலிருந்து முடிதிருத்துகிறவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நாங்க நிதானம்னு சொன்னதெல்லாம்?"

"பயம்தான்" என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இவ்வளவு நாள் ஏன் எழுதித் தரவில்லை என்று மேலாளர் கேட்டார்.

"எழுதினேன் சார். மணல் போடச் சொல்லி பதில் வந்துச்சு."

இந்தத் தடவை மண்டபமே சிரித்தது. மேலாளரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் ஆறு மாதம் அவர் நிதானத்தோடு பேசவில்லை.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வண்டிகளும் ஒதுங்கி நின்றன. புயல் என்ன சொல்லப்போகிறான், வேலைக்கு உலை வைத்துவிட்டாயே என்று சண்டைக்கு வருவானோ என்று நிதானத்துக்கு உதறல். புயல் பச்சைக் கோலை நீட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணே, எட்டு வருஷமா நானும் கக்கூஸுக்குப் போயிட்டுத்தான் வண்டியில ஏறுறேன். வேகமாப் போனா சீக்கிரம் முடிஞ்சிடுமேன்னுதான் அப்படி ஓட்டினேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றான்.

நிதானம் சிவப்புக் கோலை அவனிடம் கொடுத்தார். அன்றைக்குக் கம்பங்களை எண்ணும்போது நடுவிலேயே சிரிப்பு வந்து கணக்கு விட்டுப்போனது. அப்படி விட்டுப்போனது அதுவே முதல் தடவை.

டிராமை நிறுத்துவது என்றே முடிவானது. இரண்டு வாரத்தில், யாருக்கு எங்கே வேலை என்ற பட்டியலை ஷெட்டுச் சுவரில் ஒட்டினார்கள். நிதானம் கூட்டத்துக்குள் போகாமல் தள்ளியே நின்றார். அவர் மனைவி கைவேலையைப் போட்டுவிட்டு வந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு போய், விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். அவர் பெயருக்கு எதிரில் தண்ணீர்ப் பம்ப் அறை என்று இருந்தது. புது வாசலுக்குப் பக்கத்தில், சமதரையில், நாலு சன்னல் வைத்த கட்டிடம். அவள் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வரிசை வீடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கப்படுகிற வயது இல்லை என்றாலும் அவருக்கு வெட்கமாக இருந்தது. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

கடைசி நாள் ஊரே திரண்டு வந்து ஏறியது. சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் அவர் பேசியதைக் கேட்டவர்களேகூட, எத்தனை வருடப் பழக்கம், மனசு கஷ்டமாகத்தான் இருக்கும் என்று அவரைத் தேற்றினார்கள். அவரும் தலையாட்டினார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பதுதான் அன்றைக்குப் பெரிய பாடாக இருந்தது என்றார். வளைவு தாண்டி வண்டி நின்றதும் கைப்பிடியைக் கழற்றி மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, பொடிநடையாக வீட்டுக்குப் போய், இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

பம்ப் அறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். தொந்தி போட்டது. மாத்திரை, மருந்து என்று எதுவும் அந்த வீட்டுக்குள் வரவில்லை. இளையவள் கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. ஓய்வு பெற்ற மறுவாரம், பேரப்பிள்ளைக்குச் சட்டைத்துணி எடுக்க மனைவியோடு பஸ்ஸில் பக்கத்து ஊருக்குப் போனார். திரும்பி வரும்போது சன்னல் ஓரம் உட்கார்ந்தவர், பஸ் மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கத் தொடங்கியதும் தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிப் போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கண்டக்டர் குரல் கொடுத்தார். எழுப்ப வேண்டாம் என்று அந்த அம்மாள் கையால் சைகை காட்டிவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டாள்.