இரண்டு டிரம் குழுக்களும் ஒரு யெஸ்ஸும்

என் மகள் பதினைந்து வயதில் ஒரே வாரத்தில் இரண்டு வீட்டாருக்கு நிச்சயிக்கப்பட்டாள். பதற வேண்டாம், இரண்டும் டிரம் குழுக்கள். ஒன்று எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த பள்ளிக்கூடத்துக் கார் தரிப்பிடத்தில் பழகுகிற ஏழைக் குழு. மற்றது நாலைந்து புறநகர் தள்ளி, சொந்த மண்டபமும் சொந்த பஸ்ஸும் வைத்திருந்த வசதியான குழு. எழுபதுகளின் நடுப்பகுதி, மெல்பர்னின் வடக்குப் பக்கம் நாங்கள் குடியேறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

சீருடை போட்டு, டிரம்மைத் தோளில் மாட்டி அடித்துக்கொண்டு, வரிசை குலையாமல் நேராகவும் சாய்வாகவும் நடப்பதுதான் இந்தப் பிள்ளைகளின் வேலை. அதில் போட்டிகளும் உண்டு. பெண்பிள்ளை தெருவில் டிரம் அடித்துக்கொண்டு போகிறாள் என்று ஊருக்கு எழுத என் மனைவிக்குத் துணிவில்லை. 'சங்கீதம் பழகுகிறாள்' என்று எழுதினாள். மகளுக்கு இந்தத் திறமை எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பஜனையில் நான் தாளம் போட்டால் பக்கத்தில் இருப்பவர் மெல்ல என் கையைப் பிடித்து நிறுத்துவார்.

ஏழைக் குழுவை நடத்தியவள் ஸ்கூல் பஸ் ஓட்டும் ஒரு மனுசி. குச்சியை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து மகளைப் பழக்கியவள் அவள்தான். மழை பெய்தால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவாள். ஆனால் அவளிடம் இருந்தது, இடுப்போரம் சாய்த்து மாட்டி அடிக்கிற சைட் டிரம் மூன்றே மூன்று. அதிலும் ஒன்றை அடிக்கிற பிள்ளைக்கு எப்போதும் தடிமன், மூக்கு ஒழுகும். ஒரு போட்டியில் மகள் அடித்ததைக் கேட்ட வசதியான குழுவின் மனேஜர், எங்களிடம் வா என்று கூப்பிட்டிருந்தார். அங்கே எட்டு சைட் டிரம்மிலும் அடி ஒன்றாக விழுமாம், எட்டும் ஒரு கை அடித்த மாதிரிக் கேட்குமாம். மகள் இதைச் சொன்னபோது அவள் கண்ணில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இடையில் ஒரு விதி இருந்தது. குழு மாறுவதென்றால் பழைய குழு கையெழுத்துப் போட்டு விட வேண்டும். இல்லையென்றால் ஒரு போட்டிப் பருவம் முழுக்க எங்குமே அடிக்க முடியாது. பஸ்கார மனுசி கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். மகள் போனால் போட்டிக்கு வேண்டிய ஆட்கள் அவளிடம் இல்லை.

"அப்பா, போகட்டா?" என்று மகள் குசினியில் வைத்துக் கேட்டாள்.

அவளுடைய ஆசை நியாயம், அந்த மனுசியும் பாவம் என்று இரண்டு பக்கத்தையும் பற்றி நான் நீளமாகப் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸோ, அது யெஸ்ஸா?" என்றாள்.

"யோசிப்பம்" என்றேன். எங்கள் வீட்டில் யோசிப்பம் என்று சொல்லப்பட்ட எந்த விஷயமும் பிறகு எழுந்து நடந்ததில்லை.

எங்களைப் போன்ற வீடுகளில் தகப்பன் சொன்னால் சொன்னதுதான் என்று இரண்டு குழுக்காரரும் நம்பினார்கள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் டெலிவிஷனில் என்ன ஓட வேண்டும் என்பதுகூட என் கையில் இல்லை. ஆனாலும் இரு தரப்பும் என்னைத் தேடியே வந்தன.

முதலில் பஸ்கார மனுசி, கையில் ஒரு கேக்குடன். அவள் பேசப் பேச நான் கேட்டேன். எங்கள் ஆட்கள் கேட்கிற முறை ஒன்று உண்டு. பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் 'ஓம், ஓம்' போட வேண்டும். போடாவிட்டால் கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் அதை அப்படியே இங்கிலீஷுக்கு மாற்றி, 'யெஸ், யெஸ்' என்று போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியாத பிள்ளையை எடுத்துப் பழக்கினேன் என்றாள். யெஸ். பழுத்த பிறகு பெரிய குழுக்காரன் பிடுங்கிக்கொண்டு போனால் எங்களைப் போன்ற சின்னக் குழுக்கள் எப்படி நிற்கும் என்றாள். யெஸ், யெஸ். இடையில் எங்கோ ஒரு கேள்வியும் வந்திருக்கிறது. அதற்கும் ஒன்றைப் போட்டுவிட்டேன். போகும்போது கண் கலங்கி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பொறுமையாகக் கேட்டதற்கே இவ்வளவு நன்றியா என்று நெகிழ்ந்துபோனேன்.

இரண்டு நாள் கழித்து, கழுத்துப் பட்டியும் சொக்கலேட் பெட்டியுமாக மனேஜர் வந்தார். மனைவி குசினி வாசலில் நின்று கையால் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, ரெண்டாவது மாப்பிளை வீடும் வந்திட்டுது. பெட்டையிட்டத் தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பட்டோ?"

"சும்மா இரும்" என்றேன்.

மனேஜர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. பிள்ளையின் கை பிள்ளைக்குத்தான் சொந்தம், பழக்கியவருக்கு அல்ல என்றார். இன்னும் நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தால் பழைய வாத்தியாருக்காகப் பிள்ளையை மறித்து வைப்பீர்களா என்றார். கடைசியாகப் பேசுகிறவர் சொல்வதுதான் எனக்கு எப்போதும் நியாயம். யெஸ், யெஸ் என்றேன். அவரும் கை குலுக்கினார்.

இரண்டு குழுக்களும் புதிய பருவத்துக்கு மகளின் பெயரைப் பதிந்தன. போட்டி நடத்தும் சங்கம் எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டது.

"அப்பா, டிட் யூ சே யெஸ்? ரெண்டு பேருக்குமா?" என்று மகள் கேட்டாள். அது யெஸ் இல்லை, ஓம் என்று நான் தொடங்கியபோதே அவள் எழுந்து போய்விட்டாள்.

விசாரணை ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. இந்த அம்மாவுக்கு யெஸ் சொன்னீர்களா என்று தலைவர் கேட்டார். சொன்னேன் என்றேன். இவருக்கு? இவருக்கும் சொன்னேன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குச் சம்மதம் என்று பொருளில்லை, காது கேட்கிறது என்றுதான் பொருள் என விளக்கினேன். தலைவர் சிறிது யோசித்துவிட்டு, நான் இப்போது சொல்வது உங்களுக்கு விளங்குகிறதா என்றார். யெஸ், யெஸ் என்றேன். மண்டபம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை.

பிறகு தலைவர் அவள் பக்கம் திரும்பி, உனக்கு எந்தக் குழு வேண்டும் என்று மரியாதையாகவே கேட்டார். பஸ்கார மனுசி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் வாய் திறந்து மூடியது. அந்த மனுசி இருக்கிற அறையில் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் எதைச் சொல்லச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அந்தச் சப்பாத்தைப் பார்த்தேன். பழைய சப்பாத்து, இந்த விசாரணைக்கென்று பொலிஷ் போட்டிருந்தாள்.

"அது பிள்ளையின்ர முடிவு" என்று இங்கிலீஷில் சொன்னேன். நவீனமான தகப்பன் என்று பலர் தலையசைத்தார்கள். பிள்ளை என்னைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். யாரும் முடிவு சொல்லாததால், அந்தப் பருவம் முழுக்க அவள் இரண்டு குழுவிலும் இல்லை என்று தீர்ப்பானது.

காரில் வரும்போது பின் இருக்கையிலிருந்து மகள் சொன்னாள், "எல்லாருக்கும் யெஸ் சொன்னனீங்கள். எனக்கு மட்டும் யோசிப்பம்."

நான் 'ஓம்' என்று தொடங்கி, பாதியில் வாயை மூடிக்கொண்டேன்.

பிள்ளைகள் விரும்பிய குழுவுக்குப் போக விட வேண்டும், பழக்கியவர் கையில் கயிறு இருக்கக்கூடாது. தனியாக இருக்கும்போது இந்தக் கருத்தில் நான் மிகவும் உறுதியானவன். தெருவில் அந்த ஸ்கூல் பஸ் கடந்து போகும்போது ஓட்டுகிறவள் கை காட்டுவாள். நானும் காட்டுவேன், என் கருத்து எங்கோ ஒளிந்துகொள்ளும்.

போட்டி நாளில் மகள் பார்க்கப் போக வேண்டும் என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். ஆள் போதாத ஏழைக் குழு போட்டியில் சேராமல் வெறுமனே மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டுப் போக வந்திருந்தது. முன் வரிசையில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் ஓர் ஆள் அளவு இடம் காலி. வரிசை திரும்பினால் அந்த வெற்றிடமும் திரும்பியது. சாய்ந்தால் அதுவும் சாய்ந்தது.

"அது என்ர இடம்" என்றாள் மகள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவ அதை மூடியிருக்கலாம்தானே" என்றாள்.

பஸ்கார மனுசி அந்த இடத்தை விட்டு வைத்தது அன்பா கயிறா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அடுத்து வசதியான குழு வந்தது. எட்டு சைட் டிரம். மகளுக்கென்று வைத்திருந்த இடத்தில் வேறெங்கிருந்தோ வந்த ஒரு பிள்ளை, குறை சொல்ல முடியாதபடி அடித்தாள். உண்மையாகவே ஒரு கை அடித்த மாதிரித்தான் கேட்டது. மகளின் விரல்கள் முழங்காலில் தாமாகவே அடிக்கத் தொடங்கின. அவள் குனிந்து அவற்றைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

தேத்தண்ணி குடிப்பமா என்று கேட்டேன். நோ, என்றாள்.