நோர்பர்ட்டின் எவர்சில்வர் சுருள்

ஷெபாய்கன் ஊரில் நோர்பர்ட் டீட்ஸின் கைக்குப் பயப்படாதவர்கள் குறைவு. சீஸ் ஆலையில் முப்பது வருடம் குழாய் பொருத்தியவன். மதுக்கடைக் கதவு ஒன்று, மேஸ்திரி ஒருவரின் மூக்கு, மைத்துனன் கோர்டியின் முன்பல் இரண்டு, எல்லாம் அந்தக் கை உடைத்தவை. போன நவம்பரில், மான் வேட்டைக்குப் போய் வந்த மறுநாள், வீட்டில் காய்ச்சிய பீர் புளித்துவிட்டது என்று கோர்டி கிண்டல் செய்தான். காய்ச்சியதை ஆறவைக்கும் செம்புக் குழாய்ச் சுருளைத் தூக்கி நோர்பர்ட் அவன்மேல் எறிந்தான். கோர்டி குனிந்து தப்பினான். சுவரில் மோதி விழுந்த சுருளைச் சுத்தியலால் அடித்துத் தகடாக்கிய பிறகுதான் நோர்பர்ட்டுக்கு மூச்சு சீரானது.

அன்று அவன் மனைவி மார்லிஸ் கத்தவில்லை. கோர்டி அவளுடைய தம்பி.

"இனிமே யார் மேலயாவது உன் கை பட்டா நான் கிளம்பிடுவேன், நோர்ப். சொல்லிட்டெல்லாம் போகமாட்டேன்."

இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு மாதம் நோர்பர்ட் கைகளைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே நடந்தான்.

ஜனவரியில் புதிய சுருள் செய்ய இறங்கினான். இந்த முறை எவர்சில்வர். கொதிக்கும் அண்டாவுக்குள் சுருளை இறக்கி, அதன் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் ஓடவிட்டால் கால்மணி நேரத்தில் எல்லாம் ஆறிவிட வேண்டும். செம்பு கையாலேயே வளையும். எவர்சில்வர் வளைக்க வளைக்க இறுகும், அவசரப்பட்டால் நடுவில் ஒடுங்கிவிடும். அதனால் குழாய்க்குள் மணலை இறுக்கி நிரப்பி, காலிப் பீப்பாயைச் சுற்றி வளைப்பார்கள்.

மணல் அவன் ட்ரக்கிலேயே இருந்தது. பனியில் சக்கரம் வழுக்காமலிருக்க, ஊரில் எல்லோரையும் போல, பின்பக்கம் மூன்று மூட்டை போட்டிருந்தான். ஒன்றைக் கார் ஷெட்டுக்குள் இழுத்து வந்தான். ஈரம் போக முதலில் அடுப்பில் வறுத்துவிடலாம் என்றான், உதவிக்கு வந்திருந்த கோர்டி. மார்லிஸ் பெரிய தட்டு ஒன்றைக்கூடக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். நோர்பர்ட் ஒரு பிடி மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டான்.

"ஒட்டுதா பாரு, மாப்ள."

"ஈரம் உறைஞ்சு கிடந்தா எப்படி ஒட்டும் மச்சான்?"

"முப்பது வருஷம் குழாய் மாட்டினது நானா, இன்சூரன்ஸ் விக்கிற நீயா?"

மணலை வறுக்காமலே குழாயில் நிரப்பி, மரக்கட்டையால் அடைத்தால் நழுவும் என்று குழாயின் இரண்டு வாயையும் வெல்டிங் வைத்து மூடினான். முதல் சுற்று வந்தது. இரண்டாவது சுற்று முனகிக்கொண்டே வந்தது. மூன்றாவதில் குழாய் நின்றுவிட்டது. நோர்பர்ட் தன் எடையெல்லாம் போட்டுத் தொங்கினான்.

"உன்னை மாதிரியேதான் இருக்கு," என்றான் கோர்டி. "அமுக்க அமுக்க முறைக்குது."

நோர்பர்ட் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துக் குழாயில் காட்டினான். எவர்சில்வர் நீலமாகி, சிவந்தது. உள்ளே இருந்த பனி முதலில் தண்ணீராகி, பிறகு ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் முட்டியது.

துப்பாக்கி வெடித்தது போலிருந்தது. கோர்டி பிடித்திருந்த முனையின் மூடி பிய்த்துக்கொண்டு அவன் கன்னத்தைக் கிழித்துக் கூரைத் தகரத்தில் ஓட்டை போட்டது. பின்னாலேயே சுடுமணல் அவன் கழுத்தில் கொட்டியது. அவன் முழங்காலில் விழுந்தான். பற்கள் தெரிகிற கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு, ரத்தத்தோடு ரத்தமாகச் சொன்னான்:

"வறுக்கச் சொன்னேன்ல."

அவன் சொன்னது உண்மை என்று நோர்பர்ட்டுக்குத் தெரியும். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. குத்து விழுந்தது. கிழியாத கன்னத்தில் விழுந்தது. கோர்டி மல்லாந்து சாய்ந்தான்.

வெடிச்சத்தம் கேட்டு ஓடி வந்த மார்லிஸ் ஷெட்டுக்குள் திறக்கும் சமையலறை வாசலில் நின்று அந்தக் குத்தைப் பார்த்தாள். தம்பியின் முகத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டி, காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

நோர்பர்ட் சுத்தியலை எடுத்தான். செம்பை அடித்தது போலவே இந்தச் சுருளையும் அடித்தான். ஆனால் மீதி மணல் இறுகிக் கிடந்த எவர்சில்வர் நசுங்கவில்லை. ஒவ்வொரு அடியையும் அப்படியே கைக்குத் திருப்பி அனுப்பியது. கடைசி அடியில் அவன் மணிக்கட்டு முறிந்தது.

இடது கையால் மார்லிஸுக்குப் போன் செய்தான். கை உடைந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வா என்றான்.

"ட்ரக்கை எடுத்துட்டுப் போ," என்றாள். "பின்னாடி இன்னும் ரெண்டு மூட்டை இருக்கில்ல. வழுக்காது."