படித்துக் காட்டினால்தான் புத்தகம்: திருப்பூரிலிருந்து துவாரகா வரை

இந்தப் பிப்ரவரியில் நான் டெல்லிக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல. பனியன் கம்பெனி விடுதியில் இருந்த ஆறு வருடத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு பதிப்பகங்கள் வேண்டாம் என்றுவிட்டன. ஐந்தாவது, டெல்லியில் இருக்கும் ஒரு சின்னத் தமிழ்ப் பதிப்பகம். வீட்டு வேலை செய்கிறவர்கள், ராணுவச் சமையல்காரர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள் என்று யாரும் புத்தகம் கேட்காத ஆட்களின் புத்தகங்களைத்தான் போடுவார்கள். 'வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வந்து முழுவதும் படித்துக் காட்டுங்கள், அன்றே முடிவு சொல்கிறோம்' என்று மெயில் வந்தது. அனுப்பியதையே எதற்காகப் படித்துக் காட்ட வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. இதுவும் இல்லையென்றால் நோட்டைப் பரணில் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

செவ்வாய் இரவு திருப்பூரில் ஏறினால் வியாழன் மதியம் புது டெல்லி. ஸ்லீப்பர் 925 ரூபாய். நாக்பூர் தாண்டியதும் ஸ்வெட்டர் வேண்டும். பஹாட்கஞ்சில் லாட்ஜ் 700, ஒரு வாளி வெந்நீருக்குத் தனியாக 20.

ரயிலில்தான் ஒன்றைக் கவனித்தேன். மெயிலில் முகவரியே இல்லை. என்னிடம் அவர்களுடைய புத்தகங்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் கோல் மார்க்கெட், இன்னொன்றில் மோதி பாக். ஒன்று ஆபீஸ், ஒன்று அச்சகமாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டு ஒரு மெயில் போட்டேன். பதில் இல்லை.

வெள்ளி காலை ஒன்பதரைக்கு ஆட்டோ, கோல் மார்க்கெட்டுக்கு 80 ரூபாய். கட்டடம் இருக்க வேண்டிய இடத்தில் தகரத் தடுப்பு. "ஸப் டூட் கயா, மேடம்" என்று ஆட்டோக்காரர் கையை விரித்தார். எல்லாம் இடிந்து போச்சு என்கிறார் என்று இந்தி தெரியாத எனக்கே புரிந்தது. அதே ஆட்டோவில் மோதி பாக், இன்னொரு 170. வீட்டு எண் சரி, கதவைத் திறந்தவர் தமிழ்க்காரர்தான். ஆனால் பதிப்பகம் இல்லை.

"அவங்களா? அங்கிள் ரிட்டயர் ஆயிட்டார்ங்க. ரிட்டயர் ஆனா க்வார்ட்டர்ஸ காலி பண்ணணுமில்ல? துவாரகால சொந்த ஃப்ளாட்டுக்குப் போயிட்டாங்க. ஜல்தி போனா பன்னெண்டரைக்குப் போயிரலாம்" என்று அந்த அம்மா ஒரு தாளில் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். ஆபீஸ், அச்சகம் என்றெல்லாம் எதுவும் கிடையாது. பதிப்பகம் நடத்துகிறவர் மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்தபோது கோல் மார்க்கெட், பதவி உயர்ந்ததும் மோதி பாக். அரசாங்கம் எந்த வீட்டைக் கொடுத்ததோ அதுதான் பதிப்பகம். உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை. மோதி பாக்கில் மெட்ரோ ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, நீளமான நடைபாலத்தில் தௌலா குவான் போய் ஏர்போர்ட் லைன் பிடித்தால் துவாரகா செக்டர் 21. மொத்தம் எழுபது ரூபாய்க்குள் ஆகும். அங்கிருந்து இ-ரிக்‌ஷா 20. கதவைத் தட்டும்போது மணி 12:50. அப்போதுதான் போனில் மெயிலுக்குப் பதில் வந்தது: 'துவாரகா.'

"இம்புட்டு நேரமா அலைஞ்சிய? உக்காருங்கம்மா" என்றார் பெரியவர். திருநெல்வேலிக்காரர். மகள் வித்யா விமான நிலையத்தில் வேலை பார்க்கிறவள், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். புத்தகத்தைப் பற்றி அவரிடம் ஆரம்பித்தேன். "எங்கிட்ட எழுத்துப் பிழைதாம்மா கேக்கணும். முடிவெல்லாம் அவதான்" என்றார்.

"அக்கா, எனக்குத் தமிழ் படிக்க வராது" என்றாள் வித்யா, சாதாரணமாக. "நீங்க படிங்க, நான் கேக்கறேன்."

தமிழ் படிக்கத் தெரியாதவள் தமிழ்ப் புத்தகத்துக்கு முடிவு சொல்வதா? இரண்டு ராத்திரி ரயிலில் வந்தது இதற்கா? பெரியவர் விளக்கினார். அவர்களுடைய முதல் புத்தகம், எழுதத் தெரியாத ஒரு வீட்டு வேலைக்காரம்மா சொன்னதாம். அப்பா எழுத, மகள் காதால் கேட்டு, நடுநடுவே நிறுத்தி, கேள்வி கேட்டு முடித்தார்களாம். அன்றிலிருந்து அதுவே வழக்கமாம்.

வேறு வழி? படித்தேன். பெரியவர், நான் மெயிலில் அனுப்பியதை அச்செடுத்த தாள்களோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது, செல்வராணி வரும்வரை. அவள் விடுதியில் என்னுடைய அறைத்தோழி. தபால் வழியில் பிளஸ் டூ படித்தவள். பரீட்சைக்கு இருபது நாள் இருக்கும்போது, ஒளித்து வைத்திருந்த செல்போனோடு பிடிபட்டு ஊருக்கு அனுப்பப்பட்டாள். அந்த இடம் வந்ததும் என் வாய் தானாக இரண்டு பக்கங்களைத் தாண்டிவிட்டது. பெரியவரும் தலை நிமிராமல் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினார்.

வித்யா கையைக் காட்டி நிறுத்தினாள். "ஒரு மினிட் அக்கா. போன் விஷயம் உங்க ரெண்டு பேருக்குத்தானே தெரியும்? வார்டனுக்கு எப்டி?"

"சோதனை போட்டாங்கங்க."

"அச்சா. யார் சொல்லி?"

பெரியவர் இரண்டு தாள்களையும் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு முன்பே தெரியும். நான் படித்தேன். வார்டனிடம் சொன்னது நான்தான். அவளுடைய ஜன்னலோரக் கட்டில் எனக்கு வேண்டியிருந்தது. எழுதும்போது வராத அழுகை படிக்கும்போது வந்தது. அவமானமாக இருந்தது.

"அவங்க இப்போ எங்க?"

"திண்டுக்கல்லுலங்க. பேசிட்டுத்தான் இருக்கோம். இது தெரியாது."

"அப்போ அவங்க முன்னாடி படிங்க. அவங்க சரின்னா ஜூன்ல புக். வேண்டாம்னா புக் இல்ல. அந்த ரெண்டு பக்கம் இல்லாமயும் புக் இல்ல."

இதற்குப் பெயர் சம்மதமா, மறுப்பா? திரும்பும் ரயிலில் போபால்வரை யோசித்தேன். இன்றும் தெரியவில்லை. கோபம் மட்டும் போபாலிலேயே இறங்கிவிட்டது.

எழுதி வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். முகவரியை மெயிலில் கேட்டு வாங்கிவிட்டு டிக்கெட் எடுங்கள். பதில் வர இரண்டு நாள் ஆகும். தொண்டைக்கு நாலு மிளகு கொண்டு போங்கள். வீட்டில் ஒரு தடவை முழுவதும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்கே நாக்கு ஓடப் பார்க்கிறது என்று தெரிந்துவிடும்.

திருப்பூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு, தாராபுரம் வழியாக, பஸ்ஸில் மூன்று மணி நேரம். அவள் ஊருக்குப் போன இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை. நேற்று செல்வராணிக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ஒன்று படித்துக் காட்ட வேண்டும் என்றேன். என்ன என்று அவள் கேட்கவில்லை.

"சாப்புடுற மாதிரி வாடி, கறி எடுக்கச் சொல்றேன்" என்றாள்.