பிள்ளைகள் பெயரில் கடைச் சாமான்

எல்லோரும் அவளைச் சூளையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் தரை ஓடு தொழிற்சாலையில் வேலை. முனை மழுங்கிய ஓடு, நிறம் திட்டுத்திட்டான ஓடு எது கண்ணில் பட்டாலும் எடுத்துக் கழிவில் போடவேண்டும். கோணலைத் தூக்கி எறிவதுதான் பிழைப்பு. சாயங்காலம் சமூகக் கூடத்தின் பின்னறைக்கு வந்தால் கதை தலைகீழ். அங்கே பானை வனைய நான்கு சக்கரமும் சுட ஒரு மின்சூளையும் உண்டு. படிக்கிற வயசுப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் வந்து மண்ணில் கைவைக்கலாம். சொல்லிக்கொடுக்க ஓவிய மாஸ்டர் இருந்தார். சூளை இவள் பொறுப்பு. பன்றி மாதிரி இருக்கும் யானையையும் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல உள்ளே அடுக்குவாள்.

வந்தவர்களில் ஒரு பெண் வாயே திறக்கமாட்டாள். கண்காட்சி என்று அறிவித்ததும் ஒரு கெண்டி செய்தாள். மூடி ஒரு பக்கம் போனால் கெண்டி ஒரு பக்கம் போனது.

"அக்கா, இதையும் வைப்பீங்களா?"

"வைக்காம? நட்டநடுவுல வைக்கிறேன் பாரு."

கண்காட்சியன்று லீவு போட்டுவிட்டு வந்தாள். மேஜை முழுக்கப் பளபளவென்று ஜாடிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பிள்ளையின் பெயர் அட்டை. ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் கடை ஸ்டிக்கர். பிள்ளைகள் செய்ததெல்லாம் கழிப்பறைக்குப் பின்னால் சாக்கில் கிடந்தது. கெண்டியின் மூக்கு உடைந்திருந்தது.

கூடத்து மேலாளரிடம் போனாள். சட்டையில் ஒரு சுருக்கம் விழாத மனிதர். பிள்ளைகள் வைத்த பெயர் இஸ்திரி சார்.

"என்ன சார் இது அநியாயம்?"

"வர்றவங்க பெரிய மனுஷங்கம்மா. அந்தக் கோணல்மாணலைக் காட்டினா கூடத்தோட மானம் போயிடும். பிள்ளைங்க பேரு போட்டுத்தானே வச்சிருக்கேன்? அவங்களுக்கும் பெருமைதானே?"

"ஊரான் பிள்ளைக்கு நம்ம பேரை வச்சா நாம பெத்ததாயிடுமா சார்?"

அதற்குள் விருந்தாளியின் கார் வந்துவிட்டது. இஸ்திரி சார் சட்டையை நீவிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஓவிய மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கும் குடும்பம் இருக்கும்மா" என்றார்.

கெண்டி செய்த பெண் அம்மாவோடு வந்தாள். பச்சை ஜாடியின் முன்னால் மகள் பெயரைப் பார்த்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீயா செஞ்ச? என்கிட்ட சொல்லவே இல்லையேடி!" என்று கன்னத்தைத் தடவினாள்.

பெண் அம்மாவின் கையை விலக்கினாள். "இது என்னோடது இல்லம்மா" என்றாள். பிறகு திரும்பி, "என்னோடது எங்கக்கா?"

சூளையக்கா சாக்கை இழுத்து வந்தாள். விருந்தாளி பேச எழுந்த நேரம். ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினாள், ஒன்றையும் உடைக்கவில்லை. கோணல் கிண்ணங்களையும் யானையையும் மூக்கில்லாத கெண்டியையும் மேஜையில் ஏற்றினாள். "இதுதாங்க எங்க பிள்ளைங்க செஞ்சது. அதெல்லாம் கடையில வாங்கினது."

விருந்தாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கிளம்பிப் போனார். ஒரு தகப்பன் மட்டும், "நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு இந்த வம்பு?" என்று முணுமுணுத்தான். மற்ற பெற்றோர் இஸ்திரி சாரைச் சூழ்ந்துகொண்டு சண்டை பிடித்தார்கள். அவர் அன்றே சூளையக்காவிடமிருந்து பின்னறைச் சாவியை வாங்கிக்கொண்டு அறையைப் பூட்டினார்.

பெற்றோர் விடவில்லை, நிர்வாகக் குழுவின் முன் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் அறை திறந்தது, சாவியும் அவள் கைக்கு வந்தது. இஸ்திரி சாரை இதைவிடப் பெரிய கூடத்துக்கு மாற்றினார்கள். தண்டனையாம்!

"அதான் திறந்தாச்சே, இன்னும் என்ன கோபம்?" என்று புருஷன் கேட்டான்.

"கெண்டி செஞ்ச அந்தப் பிள்ளை வரலையே."

வீட்டுக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். பெண் கதவைப் பாதி திறந்து, "கையெல்லாம் மண்ணாகுதுக்கா, வேணாம்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. சூளையக்காவுக்குத்தான் இன்றைக்கும் ஆறவில்லை.