முதல் சத்தம் என்னுடையது

போன வாரம் பொங்கோல் பேரங்காடியில் மூக்குக்கண்ணாடியின் காலைச் சரிசெய்யக் கொடுத்தேன். கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். எதிரே ஓர் இசைக்கருவிக் கடை. சும்மா நிற்பானேன் என்று உள்ளே போனேன். ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து மின்சார கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். விரல் ஓடுகிறது, தலை ஆடுகிறது, கண் மூடியிருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. காதில் ஹெட்ஃபோன். கம்பியை விரல் உரசுகிற சின்னச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடையில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் பக்கத்தில் வந்தாள்.

“அங்கிள், பேரனுக்குப் பாக்குறீங்களா?”

“எனக்குத்தான்மா.”

“ஓ, பிகினரா? நெவர் மைண்ட் லா அங்கிள், ஈசியா கத்துக்கலாம்.”

அவள்மேல் தப்பில்லை. அவள் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில், சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் நடுவில் கிட்டார் தூக்கிய எவரைக் கேட்டாலும் என் கடைக்குக் கைகாட்டுவார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும். நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கண்ணாடியை மறந்து சாயங்காலம் வரை பேசியிருப்பேன். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அந்தக் கடையில் வாசனையே இல்லை. எனக்கு முதலில் உறைத்தது அதுதான். கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, அந்தக் காலத்து ஆம்ப் என்றால் உள்ளே கண்ணாடி வால்வுகள் இருக்கும். சூடேறச் சில நிமிடம் ஆகும். ஏறியதும் வால்வின் மேல் படிந்த தூசி தீய்ந்து ஒரு வாசனை வரும், இஸ்திரிப் பெட்டியும் பழைய மரப்பெட்டியும் கலந்த மாதிரி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதை முகர்ந்துவிட்டு, எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று சுவிட்சை அணைத்துவிட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் அப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருந்தார். கடை முதலாளி, சீன தவுக்கே, என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

கடையைக் கூட்டித் துடைக்கத்தான் சேர்ந்தேன். தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு, அத்தோடு சரி. ஆங்கில எழுத்தை அட்டைப்பெட்டிகளில் பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன். ஆம்பின் முகத்தில் வரிசையாகக் குமிழ்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்குக் கீழும் ஏதோ எழுதியிருக்கும். எனக்கு அந்த எழுத்து தேவைப்படவில்லை. கடிகார முள் மாதிரி மனத்தில் வைத்துக்கொண்டேன். முதல் குமிழ் பத்து மணி, அடுத்தது இரண்டு மணி, மூன்றாவது பன்னிரண்டு, கடைசியில் இருக்கும் எதிரொலிக் குமிழ் எட்டு மணிக்குக் கொஞ்சம் தாண்டி. படித்தவர்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது நான் நேரத்தை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்.

ஒரு கிட்டாரை விற்பது முதல் சத்தம்தான். இரண்டாவது சத்தத்துக்குள் ஆள் முடிவு செய்துவிடுவார். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, துடைப்பத்தோடு நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை காலையில் காட்சிக்கு வைத்த கிட்டாருக்குப் புதுக் கம்பி கட்டுவேன். புதுக் கம்பி மின்னுகிற மாதிரி பேசும். ஆம்பை இரண்டு சுவர் சேரும் மூலையில் மரப்பெட்டியின் மேல் வைப்பேன், அடிச்சத்தம் அங்கே பெருகும். தரையில் கறுப்பு டேப்பால் ஒரு கோடு. வாடிக்கையாளர் அந்தக் கோட்டில் நின்றால் சத்தம் நேராக நெஞ்சுக்கு வரும். “அண்ணே, இப்படி வந்து நில்லுங்க, இங்க ஏர்கான் நல்லா வரும்” என்று கூப்பிட்டு நிறுத்துவேன். பிறகு ஆறு கம்பியையும் சேர்த்து ஒரே ஒரு வீச்சு. அது அடங்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன்.

அடங்கியதும் ஒரு துண்டு வாசிப்பேன். நானே போட்டது. நாலு வரி. மேலே ஏறிக்கொண்டே போய், அடுத்த சுரத்தில் இறங்கி உட்காரவேண்டிய இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுவேன். நிறுத்திய கையோடு தோள்வாரைக் கழற்றி, கிட்டாரை அவரிடம் நீட்டுவேன். இதுதான் என் வித்தை. முடியாத பாட்டைக் கேட்டவனுக்குக் கை சும்மா இருக்காது. வாங்கி மடியில் வைத்த கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் குறைவு. தவுக்கே உள்ளறையிலிருந்து “பாகுஸ்” என்பார். மலாயில் நன்று என்று பொருள். அந்த மனிதர் அதற்கு மேல் யாரையும் பாராட்டியதில்லை. பத்து வருடத்தில் அந்தக் கடையை நானே எடுத்து நடத்தினேன். நாலாம் வகுப்பு.

ஆனால் கடை இரண்டாவது மாடியில், நடுக்கூடத்தில். ஜன்னல் கிடையாது. காலை பத்துக்கு இரும்புக் கதவைத் தூக்கினால் இரவு ஒன்பதுக்கு இறக்குவேன். மழை பெய்ததை வருகிறவர்களின் குடையைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். வெயில் என்பது ஞாயிற்றுக்கிழமை அரை நாள் எனக்குக் கிடைக்கும் சாமான். என் முதல் சத்தத்தைக் கேட்டு கிட்டார் வாங்கியவர்கள் ஓட்டல்களில் வாசித்தார்கள், கல்யாணங்களில் வாசித்தார்கள், பினாங்கு, ஹாங்காங் என்று போய்ப் படம் எடுத்து அனுப்பினார்கள். அவற்றைச் சுவரில் ஒட்டிவைத்தேன். சுவர் நிறைய ஊர். நடுவில் நான், ஏர்கானுக்குக் கீழே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு.

நாற்பது வயதில் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. சவரி என்று ஒரு நண்பர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையில் ஆர்கன் வாசிப்பார், மற்ற நாள்களில் ஓட்டல் இசைக்குழு நடத்துவார். உல்லாசக் கப்பலில் ஒரு வருடம் வாசிக்க அவர் குழுவுக்கு அழைப்பு வந்தது. கிட்டார்க்காரர் கல்யாணம் என்று கழன்றுகொண்டார்.

“அண்ணே, நீங்க வாங்களேன். உங்க வாசிப்பைக் கடையில எத்தனை தடவை கேட்டிருக்கேன். பசங்க முன்னாடி ஒருக்கா வாசிச்சுக் காட்டிடுங்க, போதும்.”

வீட்டில் மனைவி மங்கையிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “ஒரு வருசம்தானே, போய்ட்டு வாங்க. கடையை நானும் தம்பியும் பாத்துக்குறோம். வருசம் பூரா கடல்காத்து வேணும்னு பொலம்புறதுக்குப் போயே தொலைஞ்சிடலாம்.” அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் அன்றைக்கே பெரிய பெட்டி ஒன்றை வாங்கி வந்துவிட்டாள்.

என் வாய் சும்மா இருக்குமா. சிராங்கூன் சாலை முழுக்கச் சொல்லிவிட்டேன். தேக்கா சந்தையில் மீன் வெட்டுகிறவர், “கப்பல்ல போற ஆளுக்கு மீனு எதுக்கு, தூண்டில் வாங்கிக்குங்க” என்றார். முடிவெட்டுகிறவர் கப்பலுக்கு ஏற்ற மாதிரி என்று என்னவோ வெட்டிவிட்டார். எனக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் இல்லை.

ஒத்திகை ஈசூனில், சமூக மன்றத்து அறை ஒன்றில். ஞாயிறு மத்தியானம். என் ஆம்பை நானே டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனேன். மூலை பார்த்து வைத்தேன், வால்வு சூடேற விட்டேன், குமிழ்களில் நேரம் வைத்தேன். பத்து, இரண்டு, பன்னிரண்டு, எட்டுக்கு மேல். பிறகு ஒரு வீச்சு.

பெருமைக்குச் சொல்லவில்லை, டிரம் அடிக்கிற பையன் குச்சியை மடியில் வைத்துவிட்டான். பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் திரும்பிச் சவரியைப் பார்த்து வாயைப் பிளந்தார். நான் நாலு வரியைத் தொடங்கினேன். ஏறினேன். ஏறி, இறங்கவேண்டிய இடத்தில் நின்றேன். என் கை தானாகத் தோள்வாரைக் கழற்றியது. கிட்டாரைச் சவரியிடம் நீட்டினேன்.

“எதுக்குண்ணே என்கிட்டக் குடுக்குறீங்க? வாசிங்க.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுபடி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். அதே இடத்தில் கை நின்றது. தோள்வார்வரை போன கையை இழுத்துப் பிடித்தேன். அடுத்த விரல் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சவரி மெதுவாக, “சரிண்ணே, அதை விடுங்க, ஏதாச்சும் ஒரு முழுப் பாட்டு வாசிங்க” என்றார். யோசித்தேன். நூறு பாட்டின் தொடக்கம் எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் எந்தப் பாட்டைச் சொன்னாலும் முதல் வரியை வாசித்துக் கையில் கொடுத்துவிடுவேன். ஒரு பாட்டைக்கூட நான் முடித்ததில்லை. இத்தனை வருடம் நான் பழகியது வாசிக்க இல்லை, நிறுத்த. அந்த அறையில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அது எனக்கே தெரிந்தது.

டிரம் பையன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவிழாத கயிறு.

வெளியே இதை நான் சொன்னதில்லை. “சவரி கெஞ்சினாப்ல, நான்தான் வேணாம்னுட்டேன். நான் இல்லாட்டிக் கடை படுத்துடும்ல” என்று எல்லோரிடமும் சொன்னேன். மங்கையிடமும் அதையே சொன்னேன். அவள் அந்தப் பெரிய பெட்டிக்குள் பழைய போர்வைகளை அடுக்கி அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

அடுத்த வாரமே சவரி கடைக்கு வந்தார். கூடவே மெலிந்த ஓர் ஆள், குணா என்று பெயர், மார்சிலிங்கில் இருந்து வந்திருந்தார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், நகத்தில் எண்ணெய் அழுக்கு. அவரைத்தான் கப்பலுக்கு எடுத்திருந்தார்கள். ஆம்ப் வாங்க வந்திருந்தார்கள். வேறு கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் நல்ல ஆம்ப் என்றால் என் கடைதான், அது சவரிக்குத் தெரியும்.

நான் என் வேலையைச் செய்தேன். கோட்டில் நிறுத்தினேன், ஒரு வீச்சு, நாலு வரி, நிறுத்தி நீட்டினேன். குணா வாங்கி, நின்றபடியே, நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் நினைத்திருந்த இடத்தில் அது இறங்கவில்லை. இன்னும் ஒரு படி மேலே போய்த் தயங்கி, பிறகு தடித்த கம்பிக்கு வந்து, மெதுவாக, யாரையோ சமாதானப்படுத்துகிற மாதிரி முடிந்தது. எதிர்க் கடைத் தையல்காரர் அளவு நாடாவோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

“இதை எங்க கத்துக்கிட்டீங்க?” என்றேன்.

“எங்கயும் இல்லண்ணே. நீங்க நிப்பாட்டுனது ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான்.” ஆம்பைத் தட்டிப் பார்த்து, “நல்ல சாமான்ணே, இதையே எடுத்துக்குறேன்” என்றார்.

கப்பல் முடிந்து வந்தபிறகு குணா பல வருடம் என்னிடம்தான் கம்பி வாங்கினார். ஒவ்வொரு தடவையும் கேட்க நினைப்பேன், “அன்னைக்கு வாசிச்சீங்களே, அதை இன்னொரு தடவை” என்று. கேட்டால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் ஈசூன் அறை வெளியே வந்துவிடும். அதனால் கம்பியைக் காகிதப்பையில் போட்டுக் கொடுத்து, கடல் பயணம் எப்படி இருந்தது, அலையில் வாந்தி வந்ததா என்று கேலி பேசி அனுப்பிவிடுவேன். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும். சவரி அன்றைக்கே சொல்லியிருப்பார். அவரும் ஒன்றும் கேட்டதில்லை, என் முகத்துக்காக.

என் கடை இருந்த மாடியில் இப்போது துணைப்பாட வகுப்புகள் நடக்கின்றன. சவரி ஆஸ்திரேலியாவில் மகளோடு இருக்கிறார். குணா மூன்று வருடத்துக்கு முன் போய்விட்டார். மார்சிலிங்கில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அவர் மனைவி, “நீங்க அவருக்கு எப்படிங்க பழக்கம்?” என்று கேட்டார். “என் கடையிலதான் ஆம்ப் வாங்குனாரு” என்றேன். அவர் வாசித்தது ஏதாவது பதிவாகி இருக்கிறதா என்று கேட்டேன். அந்த அம்மா யோசித்துப் பார்த்தார்.

“அதெல்லாம் இல்லீங்க. கப்பல்லேர்ந்து வந்தப்புறம் வீட்ல வாசிக்கவே இல்ல. பக்கத்து வீட்ல சத்தம்னு சொல்லிட்டாங்க.”

அன்றைக்கு என் கடையில் அதை வாசித்தவர் ஒருவர். கேட்டவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். தையல்காரர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. சவரிக்குப் போன் போட்டு, குணா அன்றைக்கு முடித்துவைத்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். “எந்தப் பாட்டுண்ணே?” என்றார்.