இருசம்மாள் ஏறிய வண்டி

காசிநாதன் காரில், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி எப்போதும் கூரையைப் பார்த்தே திரும்பியிருக்கும். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் தலையை வெளியே நீட்டுவார். கச்சிராயபாளையம் டவுன் பஸ் டிரைவர்கள் அவர் காரைக் கண்டாலே முன்கூட்டி ஹாரன் அடித்துவிடுவார்கள். "கண்ணாடிக்கு வலிக்கும்னு நம்மாளு கழுத்த ஒடிச்சிக்கிறாரு" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். கண்ணாடியை நேராக வைத்தால் பின்சீட்டின் இடது ஓரம் தெரியும் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா குத்தகைக்கு உழுத நிலத்தையே விலைக்கு வாங்கி, கோமுகி அணைத் தண்ணீரில் கரும்பு போட்டு முன்னுக்கு வந்தவர் அவர். ஐம்பது வயதில், சேலத்தில் யாரோ ஓட்டிக் கழித்த சின்னக் காரை வாங்கினார். தெருவுக்கு அதுதான் முதல் கார். சாயங்காலம் வந்து சேர்ந்தது. காலையில் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே யாரும் ஏறுவது என்று இருந்தார்கள்.

விடியும்போது பிச்சைமுத்து ஓடிவந்தான். அவர் தோட்டத்தில் கரும்பு வெட்டுகிறவன். வெட்டுக்கு வந்த இடத்தில் அவன் மனைவி இருசம்மாளை விரியன் கடித்துவிட்டது. காசிநாதன் யோசிக்கவில்லை. அவளைப் பின்சீட்டின் இடது ஓரத்தில் சாய்த்து, பிச்சைமுத்துவை அவள் பக்கத்தில் உட்காரவைத்துக் கள்ளக்குறிச்சிக்குக் கிளப்பினார்.

கோயில் நெருங்கியபோது அவர் கால் தானாகவே தளர்ந்தது. முதல் ஓட்டமே ஆஸ்பத்திரிக்கா என்று மனம் இழுத்தது. அதைப் பிச்சைமுத்து வாய்விட்டுச் சொன்னான்.

"ஐயா, பூஜ போடாத வண்டி. ஒரு கற்பூரமாச்சும் ஏத்திட்டுப் போயிரலாங்க. இவளுக்கே நல்லதில்ல."

யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல நிறுத்தினார். பூசாரி குளிக்கப் போயிருந்தார். கூட்டி வந்ததும், கடைக்கு ஓடியதும், குனிந்து குனிந்து சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்ததும் பிச்சைமுத்துதான். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தபோது பின்சீட்டிலிருந்து இருசம்மாள் கேட்டாள்.

"ஆச்சுங்களா?"

ஆஸ்பத்திரி வாசலில் தூக்கியபோது அவள் தலை தொங்கிவிட்டது.

அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரைத் தின்றது. இருசம்மாளின் மகள் அம்சவள்ளிக்கு அப்போது ஒன்பது வயது. "எங்கம்மாவ கார்ல ஏத்திக்கினு போனவரு" என்று அவரைக் காட்டிச் சொல்லியே வளர்ந்தாள். பொங்கலுக்குப் பொங்கல் வந்து காலில் விழுவாள். பிச்சைமுத்து ஒதுங்கி நிற்பான். கோயிலைப் பற்றி அவர்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

இந்த வருஷம் அம்சவள்ளி ஏழு மாத வயிற்றோடு வந்தாள்.

"வலி எடுத்தா உங்க வண்டியிலதான் போவேங்க ஐயா. எங்கம்மா போன வண்டி. அது கூட வர மாரி இருக்கும்."

காசிநாதன் தலையாட்டினார். அன்றைக்கே வெள்ளிமலைக்குப் போன் போட்டார். கல்வராயன் மலை ஊர்களிலிருந்து நோயாளிகளை இறக்கி வரும் ஒரு சிறிய அறக்கட்டளை அங்கே இருந்தது. வண்டியைச் சும்மாவே தருகிறேன் என்றார்.

அதை நடத்துகிற தங்கமணி மறுவாரம் பஸ்ஸில் இறங்கி வந்தாள். மலையிலேயே பிறந்து நர்ஸுக்குப் படித்தவள். பானெட்டைத் திறந்து பார்த்தாள், டயரை உதைத்தாள்.

"நல்லாத்தான இருக்குது. வித்தா காசு வருமே. ஏன் தரீங்க? எங்கனா அடிபட்டுதா?"

"அடிபடல. ஒரு பொம்பள இதுல செத்துட்டா."

"எங்க மலையில வண்டி இல்லாம செத்தவங்கதான் ஜாஸ்திங்க" என்றாள். "இன்னா ஆச்சு?"

சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறை. நிறுத்தியது நான் என்று மட்டும் சொன்னார். பிச்சைமுத்து பேச்சே எடுக்கவில்லை. அம்சவள்ளி கேட்டதையும் சொன்னார்.

தங்கமணி சாவியை வாங்கிக்கொண்டாள்.

"எடுத்துக்கறேங்க. அந்தப் பொண்ணு கூப்பிட்டா கீழ எறங்கியும் வருவோம். ஆனா எந்த வண்டியில ஏறுறோம்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்ல? எங்களாண்ட தள்ளிவுட்டா தீந்துதுன்னு நெனச்சிக்கினு தராதீங்க."

ஆர்.சி. புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஏறினாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்கு நேராகத் திருப்பினாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வண்டி மலைப் பக்கம் திரும்பி மறைந்தது.

வீட்டுக்குள் போகாமல் நேராக அம்சவள்ளி வீட்டுக்கு நடந்தார். அவள் வாசலில் துவரை புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தவளைக் கைகாட்டி உட்காரவைத்து, தானும் எதிரே குந்தினார். தங்கமணியிடம் சொன்னதையே சொன்னார். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

முறம் அவள் மடியில் அப்படியே கிடந்தது.

"எவ்ளோ நேரம் நின்னீங்க?"

"கால் மணி நேரம். கூடவும் இருக்கும்."

"உள்ள எங்கம்மா இருக்கறப்பவா?"

"ஆமாம்மா."

"அப்பா கூடதான இருந்துது. அது ஒன்னும் சொல்லலியா?"

தெருக் குழாயடியில் பிச்சைமுத்து நின்றிருந்தான். எப்போது வந்தானோ தெரியவில்லை. குடம் நிரம்பி வழிந்தது. அவன் கண் காசிநாதனின் வாயிலேயே இருந்தது.

"சொன்னான்" என்றார் காசிநாதன். "நிறுத்தாதீங்கன்னு அழுதான். நான்தான் கேக்கல."

அம்சவள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

பிச்சைமுத்து குழாயை மூடக் குனிந்தான். திருகு கைக்குப் பிடிபடவில்லை. காசிநாதன் போய் மூடினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் அவள் அழுவது தெரு முழுக்கக் கேட்டது.