அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்த கடிதம்

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆங்கிலக் கடிதம் என்றாலே பயம். பதினேழு வயது மகளை ஐரோப்பாவில் இளைஞர் நாடகப் பயிற்சிக்குத் தெரிவு செய்திருப்பதாகவும், செலவு முழுவதும் அரசுப் பணம் என்றும் வந்த ஒரு கடிதத்தை எழுத்துக்கூட்டிப் புரிந்துகொண்டேன். என் கையெழுத்தையும் கேட்டிருந்தார்கள். கள்ளர்தான் என்று பயந்து, அதை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன்.

மகளோ ஏதோ பதிலை எதிர்பார்த்துத் தினமும் தபால்பெட்டியைப் பார்த்து முகம் வாடினாள். மனம் பொறுக்காமல் கடிதத்தை, கனடாவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவின் நூலகத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணிடம் காட்டினேன்.

"சும்மா ஆர் காசு தருவினம், பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் கணினியில் தேடிப் பார்த்துச் சிரித்தாள். "கள்ளர் இல்லை அன்ரி, உது ஐரோப்பாவில இருக்கிற சனத்தின்ர வரிக்காசு. ஐயோ, இண்டைக்குத்தான் கடைசி நாள்! கெதியா சைன் வையுங்கோ."

அங்கேயே கையெழுத்திட்டேன். அவளே அதைக் கணினி வழியாக அனுப்பியும் விட்டாள்.

முகம் தெரியாத சனம் கட்டிய வரியில் என் பிள்ளை ஐரோப்பா போய் மேடையேறித் திரும்பியும் வந்துவிட்டாள். கடிதம் வந்தால் இப்போதும் பயம்தான். ஆனால் ஒளிப்பதில்லை, நேரே நூலகத்துக்கு ஓடுகிறேன்.